வரைபடத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒருமுறை பாருங்கள்

வரைபடத்துக்கு வண்ணம் கொடுத்து முடித்ததும், அச்சுக்கு அனுப்புமுன் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். மழையளவோ மக்கள் அடர்த்தியோ, எந்த மாவட்டத்தில் அதிகம், எதில் குறைவு என்று அப்போதும் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் நிறங்களை மாற்றிவிடுங்கள்.

அளவின் ஏற்றத்தாழ்வை நம் கண் நிறத்தைவிட வெளிர், அடர் வித்தியாசத்தில்தான் சட்டென்று பிடிக்கிறது. சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிப் போனால், அவற்றைப் பிரித்தறிய முடியாத நிறக்குருடு உள்ளவர்கள் திணறுவார்கள்; ஜெராக்ஸ் பிரதியை வைத்திருப்பவரும், வெயிலில் நின்று மொபைல் பார்ப்பவரும் அப்படியே. இவர்களை மறந்துவிட்டு வரையும் படம் பாதி வேலைதான். ஒரே நீலத்தை வெளிரிலிருந்து அடர்த்திக்குக் கொண்டுபோனாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கலர்ப்ரூவர் என்ற இலவச இணையக் கருவியில் நிறக்குருடு, ஜெராக்ஸ் இரண்டுக்கும் ஏற்ற வண்ணத் தொகுப்புகளைத் தனியே வடிகட்டி எடுக்கலாம்.

சராசரிக்கு மேல் நீலம், கீழ் சிவப்பு என்று இரு பக்கமும் அடர்ந்துபோகும் படங்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. இரு முனையும் ஒரே சாம்பலாகத்தான் தெரியும். தடத்துக்கு ஒரு நிறம் என்று காட்டும் மெட்ரோ ரயில் படங்களுக்கும் இது பொருந்தாது. அங்கே கோட்டின் மேலேயே தடத்தின் பெயரை எழுதிவிடுங்கள்.