ஸ்ட்ரைப்ஸ் என்றால் பனியன் கோடு இல்லைங்க

திருப்பூரில் ஸ்ட்ரைப்ஸ் என்றதும் யாருக்கும் துணிதான் ஞாபகம் வரும். பக்கத்து வீட்டுத் தம்பி மெர்ச்சண்டைசர் வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தைக் காட்டினார். "'எர்ன்டு மை ஸ்ட்ரைப்ஸ்'னு போட்டிருக்கேன், சரிங்களா அக்கா?" பாடுபட்டு, அனுபவத்தால் தகுதி பெற்றுவிட்டேன் என்று சொல்லும் ஆங்கிலத் தொடர் அது. தம்பிக்கோ படிப்பு முடிந்து ஆறே மாதம். அங்கேயே முதல் தவறு.

இது பட்டாளத்துப் பேச்சு. சட்டைக் கையில் அம்பு முனை போல மடங்கிய பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். நம் ராணுவத்தில் லான்ஸ் நாயக்குக்கு ஒன்று, நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று. சாதாரண சிப்பாய்க்கு ஒன்றும் கிடையாது. மேலே இருப்பவர் வேலையைப் பார்த்துக் கொடுப்பதுதான் பட்டை, நாமே தைத்துக்கொள்ள முடியாது. அதனால் நம்மைப் பற்றி நாமே இப்படி எழுதினால் இலக்கணம் சரியாக இருந்தாலும் தம்பட்டமாகத்தான் கேட்கும். மேனேஜர் நம்மைப் பற்றி எழுதினால் அழகு. புலியின் வரி என்று நினைப்பவர்களும் உண்டு. அது பிறவியிலேயே வருவதாயிற்றே!

'கட் யுவர் டீத்' என்பதோடு இதைப் போட்டுக் குழப்புவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. அது பல் முளைக்கிற பருவம், தொழிலின் தொடக்கம். கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்து பீஸ் எடுத்துக் கொடுக்கும் நாட்களுக்கு அது பொருந்தும். அப்புறம் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்து, அவசர ஆர்டர்களைச் சமாளித்து, ஒரு தையல் லைனையே நம்பி ஒப்படைக்கும் நிலைக்கு வந்தவருக்குத்தான் ஸ்ட்ரைப்ஸ். அப்பா கம்பெனியில் நேராக எம்.டி. நாற்காலிக்கு வந்த பையனுக்கு இதைச் சொன்னால் கிண்டல் என்றே அர்த்தம். மிஷினிலும் கட்டிங் டேபிளிலும் சில வருடம் நின்றிருந்தால் தாராளமாகச் சொல்லலாம்.

ஒருமையில் 'ஸ்ட்ரைப்' என்று எழுதாதீர்கள், இந்தத் தொடரில் எப்போதும் பன்மைதான்.

தமிழாக்கும்போது 'கோடுகளைச் சம்பாதித்தார்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'பழம் தின்று கொட்டை போட்டவர்' கிட்டத்தட்ட வரும். ஆனால் அதில் கொஞ்சம் குறும்பு ஒட்டிக்கொண்டிருக்கும், பாராட்டுக் கடிதத்துக்கு ஆகாது. 'தொழிலில் அடிபட்டுத் தேறியவர்' என்பது என் தேர்வு.

தம்பியிடம் அந்த வரியை எடுத்துவிட்டு, காலேஜ் லீவில் செக்கிங்கில் இரண்டு மாதம் நின்றதை எழுதச் சொன்னேன்.

"அதையெல்லாம் எழுதலாமுங்களா?" என்றார்.