கரியமில வாயுவைப் புதைக்கக் கற்பிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

கரியமில வாயுவைக் காற்றில் கலக்க விடாமல் நிலத்தடியில் செலுத்திச் சேமிப்பது பற்றிய பயிற்சிகளில் முதலில் காட்டும் படம் பல நேரம் ஒரே மாதிரிதான் இருக்கும். தரைக்கு அடியில் பெரிய வெற்றிடம், அதற்குள் இறங்கும் ஒரு குழாய், உள்ளே நிறைந்து நிற்கும் வாயு. எவ்வளவு பாடம் நடத்தினாலும் அப்புறம் இந்தப் படம் மனதை விட்டுப் போவதே இல்லை. ஆனால் அங்கே குகை எதுவும் கிடையாது. இருப்பது மணற்கல், அதன் மணிகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள். அவற்றிலும் உப்புநீர் ஏற்கனவே நிரம்பியிருக்கிறது. வாயுவுக்கு இடம் வேண்டுமென்றால் அந்த நீர் விலக வேண்டும், அல்லது அழுத்தத்தில் கொஞ்சம் சுருங்க வேண்டும். முதல் வகுப்பிலேயே ஒரு மணற்கல் துண்டைக் கையில் கொடுத்து, அதன் மேல் சொட்டு நீர் விட்டு, கல் அதை உறிஞ்சுவதைப் பார்க்க வைத்தால் போதும். "அப்படியானால் ஏற்கனவே உள்ள நீர் எங்கே போகும்?" என்று யாராவது கேட்பார்கள். உண்மையான பாடம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

அந்தக் கேள்வி வராத வகுப்பில் படித்தவர்களுக்கு 'எவ்வளவு கொள்ளும்' என்பது மட்டுமே தெரியும், 'எவ்வளவு வேகமாகக் கொள்ளும்' என்பது தெரியாது. பாறையின் பரப்பு, தடிமன், இடைவெளியின் பங்கு ஆகியவற்றைப் பெருக்கி வரும் கொள்ளளவை வங்கி இருப்பு போல எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இடைவெளியில் பெரும்பாலும் சில சதவீதத்தைத்தான் வாயு பிடிக்க முடியும். அதையும் எட்டுவதற்கு முன்பே அழுத்தம் அளவு மீறி ஏறிக் குறுக்கே நிற்கலாம். வாயுவைக் குறைந்தது 800 மீட்டர் ஆழத்தில் செலுத்த வேண்டும் என்ற எண்ணும் இதே மாதிரி மனப்பாடமாகிவிட்டது. 31 டிகிரி செல்சியசுக்கும் சுமார் 74 பார் அழுத்தத்துக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய தரைமட்டக் காற்றழுத்தம்) மேலே கரியமில வாயு திரவம் போல அடர்த்தியாகிறது. தரைமட்டத்தில் 500 கன மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும் ஒரு டன், கீழே இரண்டு கன மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் நிலத்தின் வெப்பம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அடர்த்தியும் மாறும். 800 என்பது தோராயமான வழிகாட்டிதான். அதை விதியாகக் கற்பிக்கக் கூடாது.

என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நார்வேயின் ஸ்லைப்னரை மட்டும் உதாரணமாகக் காட்டுவது. 1996 முதல் வட கடலின் அடியில் உட்சிரா மணற்கல்லுக்குள் ஆண்டுக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டன் செலுத்திய திட்டம் அது. பாறை மிகப் பெரியது, அதற்குள் வாயு சுலபமாக நகரும். அருமையான திட்டம்தான், ஆனால் எல்லா நிலமும் அப்படி இருக்காது. அதே நாட்டின் ஸ்னோவிட் திட்டத்தில் 2008-ல் செலுத்தத் தொடங்கியபோது எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறியது. 2011-ல் வேறொரு பாறை அடுக்குக்கு மாறினார்கள். அல்ஜீரியாவின் இன் சலாவில் 2004-லிருந்து 2011 வரை 38 லட்சம் டன் அளவுக்குச் செலுத்தினார்கள். மணற்கல் அடுக்கு சுமார் 20 மீட்டர் தடிமன்தான். தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்ததைச் செயற்கைக்கோள் அளவீடு காட்டியது. வாயுவை மேலே வரவிடாமல் தடுக்கும் மூடுபாறையைப் பற்றிய கவலை எழுந்ததும் செலுத்துவதை நிறுத்தினார்கள்.

இவற்றைத் தோல்விக் கதைகள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நிலம் சொன்னதைக் கேட்டு முடிவை மாற்றியவர்களின் கதைகள் இவை. வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள். அழுத்த அளவீடுகளை மாதவாரியாகக் கொடுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள். தொடர்வதா, வேகத்தைக் குறைப்பதா, அடுக்கை மாற்றுவதா என்று மாணவர்களே வாதாடி முடிவெடுக்கட்டும். முழுத் தகவல் கையில் இல்லாதபோது முடிவெடுக்கும் பழக்கம் விரிவுரையால் வராது.

நிலத்தடியில் வாயு எப்படிப் பரவும் என்று கணிக்கும் கணினி மாதிரிகளிலும் இதே சிக்கல் உண்டு. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது எளிது. வண்ண வண்ணமாகப் படம் வந்ததும் அதுவே நிஜம் என்று தோன்றிவிடும். முதலில் ஒரு தாளில் கைக்கணக்காகப் போட வையுங்கள். பிறகு ஒரே நிலத்துக்கு ஐந்து மாதிரிகளை ஓட்டி, ஐந்தும் ஏன் வேறுபடுகின்றன என்று கேளுங்கள். இலவசத் திறந்த மென்பொருள்கள் இருக்கின்றன, ஸ்லைப்னரின் தரவும் பொதுவில் கிடைக்கிறது. அதனால் பணமில்லாத கல்லூரியும் இதைச் செய்யலாம்.

எண்ணெய்த் துறையிலிருந்து வருபவர்களுக்கு ஒருநாள் அறிமுகம் போதும் என்று நினைப்பது இன்னொரு தவறு. துளையிடுவதும் பாறையைப் படிப்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அந்த அனுபவத்துக்கு ஈடு இல்லை. ஆனால் ஈரமான கரியமில வாயு அமிலமாகி எஃகை அரிக்கும், சாதாரண சிமெண்டையும் தாக்கும். உலர்ந்த வாயு கிணற்றடியில் இருக்கும் உப்புநீரை உலர்த்தி, உப்பைப் படியவைத்துப் பாறையின் நுண்துளைகளை அடைக்கலாம். காலியான எரிவாயு வயலில் அழுத்தம் சட்டென்று குறையும் இடத்தில் கடுங்குளிர் உண்டாகும். கைவிடப்பட்ட பழைய கிணறுகளைத் தேடுவதற்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். கசிவுக்கு வாய்ப்புள்ள வழிகளில் அவை முக்கியமானவை.

பாதுகாப்புப் பாடத்துக்கு வந்தால் சிலர் ஆபத்தையே பேசுவதில்லை. சிலர் கேமரூனின் நியோஸ் ஏரியைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். 1986-ல் அங்கே சுமார் 1,700 பேர் இறந்தார்கள். ஆனால் அது எரிமலை வாயு ஏரி நீரில் கரைந்து சேர்ந்து, ஒரே மூச்சில் வெளியேறிய சம்பவம். ஆழத்தில் பாறையின் நுண்துளைகளுக்குள் அடைபட்ட வாயு அப்படிப் பொங்கி வர வழியில்லை. நாம் கவலைப்பட வேண்டியது தரைக்குப் பக்கத்தில். 2020-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சடார்ஷியா ஊருக்கு அருகே ஒரு கரியமில வாயுக் குழாய் உடைந்தபோது 45 பேர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது, வண்டிகளின் என்ஜின்கள் நின்றுபோயின. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, பள்ளங்களில் தேங்கும்.

இங்கே ஒரு விஷயத்தை எல்லோருக்கும் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆக்சிஜன் அளவி மட்டும் இருந்தால் போதும் என்று கற்பிக்காதீர்கள். காற்றில் 5 சதவீதம் கரியமில வாயு கலந்தாலும் ஆக்சிஜன் 20.9-லிருந்து ஏறக்குறைய 19.9-க்குத்தான் இறங்கும். பொதுவாக 19.5-ல்தான் எச்சரிக்கை ஒலிக்கும். கருவி அமைதியாக இருக்கும், ஆளுக்கோ மூச்சு வாங்கும், தலை சுற்றும். கரியமில வாயுவை நேரடியாக அளக்கும் கருவி வேண்டும். தீயணைப்பு வீரர்களும் உள்ளூர்ச் செவிலியர்களும் இந்தப் பாடத்தில் கட்டாயம் உட்கார வேண்டும்.

ஊர்மக்களைக் கடைசியில் 'விழிப்புணர்வு' என்ற பெயரில் சேர்ப்பதும் பலிக்காது. நெதர்லாந்தின் பாரன்ட்ரெக்டில் மக்கள் எதிர்ப்பால் 2010-ல் திட்டமே கைவிடப்பட்டது. கனடாவில் வாயு செலுத்தப்பட்டுவந்த வெய்பர்னில் ஒரு பண்ணைக் குடும்பம் தங்கள் நிலத்தில் வாயு கசிவதாக 2011-ல் சொன்னது. ஆய்வு செய்ததில், மண்ணில் இருந்தது உயிரினச் சுவாசத்தால் உண்டான வாயு என்று தெரிந்தது. மண்வாயு பருவத்துக்குப் பருவம் மாறும். செலுத்தும் முன்பே அளந்து வைத்த ஆரம்பநிலைத் தரவும், கரியமில வாயு கூடும் அளவுக்கு ஆக்சிஜன் குறைகிறதா (குறைந்தால் அது சுவாசத்தின் அடையாளம்) என்று பார்க்கும் பயிற்சியும் இருந்தால்தான் ஊர்க்காரர் கேட்கும்போது மரியாதையாகப் பதில் சொல்ல முடியும்.

பதிவு எழுதுவதைப் பாடமாகவே யாரும் நினைப்பதில்லை. அமெரிக்க விதிகளில் செலுத்துவதை நிறுத்திய பிறகும் 50 ஆண்டுகள் கண்காணிப்பது பொதுவான அளவு. இன்று பயிற்சி பெறும் இளைஞர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார். எந்தக் கிணற்றை எந்த சிமெண்டால் எந்த ஆழத்தில் அடைத்தோம் என்பதை, நம்மைப் பார்த்தே இராத ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டும். வகுப்பின் கடைசி நாளில் அந்த ஒரு பக்கத்தை எழுத வைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.