அரியர் வைத்தவர்கள் சறுக்கும் இடங்கள்

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். காமராசர் பல்கலைக்கழகம் பக்கத்தில்தான். செமஸ்டர் ரிசல்ட் வரும் நாளில் கடைக்குள் நிற்க இடமிருக்காது. பாடம் புரியாமல் ஃபெயிலான பிள்ளைகளை விட, விதி தெரியாமல் ஒரு வருஷத்தைத் தொலைத்த பிள்ளைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

போன தடவை ஒரு தம்பி போனை நீட்டினான். "அண்ணே, மொத்தம் 49 இருக்கு. 40 எடுத்தா பாஸ்தானே? ஏன் ஆர்ஏ போட்டிருக்கு?" ஆர்ஏ என்றால் மறுபடி எழுத வேண்டும் என்று அர்த்தம். பார்த்தேன். இன்டர்னல் 25-க்கு 24. எக்ஸ்டர்னல், அதாவது செமஸ்டர் எழுத்துத் தேர்வில், 75-க்கு 25. இளநிலைக்கு மொத்தத்தில் 40 வேண்டும் என்பது சரி. ஆனால் எழுத்துத் தேர்வுக்கென்று தனியாக ஒரு குறைந்தபட்ச மார்க் உண்டு. அவன் கல்லூரியில் அது 27. இரண்டு மார்க்கில் போய்விட்டது. இன்டர்னலில் சார் அள்ளிப் போட்டுவிட்டார் என்ற தைரியத்தில் கடைசி யூனிட்டைத் தொடவே இல்லையாம். இந்த குறைந்தபட்சம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். முதுநிலைக்கு மொத்தமே 50 வேண்டும். சேர்ந்த வருஷத்துக்குரிய ரெகுலேஷனில் இதெல்லாம் இருக்கிறது. சீனியர் சொன்னது அவர் பேட்ச்சுக்கு மட்டும்தான் பொருந்தும்.

சரி, இரண்டு மார்க்தானே, மறுமதிப்பீட்டுக்குப் போடலாம் என்றேன். அங்கேயும் ஒரு குழப்பம். ரீடோட்டலிங் என்பது போட்ட மார்க்கைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பது, திருத்தாமல் விட்ட பதில் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது. ரீவேல்யூவேஷன் என்றால் இன்னொருவர் முதலிலிருந்து திருத்துவார். கட்டணம் குறைவு என்று முதலாவதைக் கட்டிவிட்டு, "மார்க் ஏறவே இல்லையே" என்று வருகிறவர்கள் நிறைய. அண்ணா பல்கலைக்கழகத்தில் விடைத்தாள் நகலுக்கு முதலில் விண்ணப்பித்தால்தான் மறுமதிப்பீட்டுக்கே வழி. அந்த நகலைத் துறை ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, ஏறுமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. எல்லாவற்றுக்கும் சில நாள்தான் அவகாசம். "ஊருக்குப் போயிட்டேன்ணே" எல்லாம் எடுபடாது.

இதைவிடப் பெரிய தவறு அடுத்தது. மறுமதிப்பீட்டு முடிவு வரட்டும் என்று அரியர் ஃபீஸ் கட்டாமல் உட்கார்ந்திருப்பது. முடிவு வருவதற்குள் ஃபீஸ் கட்டும் கடைசித் தேதி தாண்டிவிடலாம். மார்க்கும் ஏறவில்லை, ஃபீஸும் கட்டவில்லை என்றால் ஆறு மாதம் அம்போ. இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம். பாஸானால் அந்தப் பணம் போகும், போகட்டும்.

வருகைப் பதிவு வேறு கதை. அரியர் வேறு, ரீடூ வேறு என்பது பலருக்குத் தெரியவில்லை. அரியர் என்றால் தேர்வை மட்டும் திரும்ப எழுதுவது, ரீடூ என்றால் வகுப்பிலும் திரும்ப உட்காருவது. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 75 சதவீதத்துக்கு 68 நாள் வர வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தால், தகுந்த காரணத்தோடு கண்டோனேஷன், அதாவது வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கட்டணம், கட்டி எழுத விடுவார்கள். அதற்கும் கீழே போனால் ஹால் டிக்கெட் கிடையாது. கலைக் கல்லூரிகள் பலவற்றில் 50-க்கும் கீழே இறங்கினால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளில் ரிசல்ட்டில் 'எஸ்ஏ' என்று வந்தால் வருகை போதவில்லை என்று அர்த்தம். அந்தப் பாடத்துக்கு மறுபடி பதிவு செய்து வகுப்பில் உட்கார வேண்டும். "அரியர்ல எழுதிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிவதில் பயனில்லை. மெடிக்கல் சர்டிஃபிகேட்டையும் காய்ச்சல் விட்ட வாரமே கொடுத்துவிட வேண்டும். செமஸ்டர் முடியும்போது நீட்டினால் துறைத் தலைவர் அதைப் பார்க்கிற பார்வையே வேறு.

மதுரைக்காரர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. ஏப்ரல், மே தேர்வும் சித்திரைத் திருவிழாவும் மோதிக்கொள்ளும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு உள்ளூர் விடுமுறை விட்டதும் தேர்வும் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். டைம் டேபிளில் மாற்றம் என்று தேர்வுப் பிரிவு சொல்லாதவரை தேர்வு உண்டு. முந்தின நாளும் கவனம் வேண்டும்: அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டத்தில் தல்லாகுளம் பக்கம் பஸ் நகராது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சென்டர் என்றால் விடியுமுன்னே கிளம்புங்கள்.

தன்னாட்சிக் கல்லூரியில் படித்துவிட்டு, மார்க்கில் சந்தேகம் என்று வெயிலில் பல்கலைக்கழகத்துக்கு வந்து நிற்பவர்களும் உண்டு. பட்டம்தான் பல்கலைக்கழகம் தரும். தேர்வும் திருத்தமும் உங்கள் கல்லூரித் தேர்வாணையர் அலுவலகத்தில்தான்.

அரியரைத் தள்ளிக்கொண்டே போகிறவர்களிடம் சிலபஸ் பற்றிச் சொல்லிப் பார்ப்பேன். புது சிலபஸ் வந்தபின் பழைய பாடத்துக்கு வகுப்பும் இல்லை, நோட்ஸும் கிடைக்காது. காலக்கெடுவும் உண்டு, அண்ணா பல்கலைக்கழக பி.இ. என்றால் நான்கு வருஷப் படிப்பை ஏழு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். "கொரோனா சமயம் மாதிரி ஆல் பாஸ் போட்டா?" என்று இன்னும் கேட்கிறார்கள். 2020 ஆகஸ்டில் அரசு அறிவித்ததே ஃபீஸ் கட்டியவர்களுக்கு மட்டும்தான். அதையும் உயர் நீதிமன்றம் அப்படியே ஏற்கவில்லை.

அந்த 49 மார்க் தம்பி கடைசியில் இரண்டு ஃபீஸும் கட்டினான். கவுன்டரில் கார்டு தேய்த்த சீட்டைக் கொண்டுவந்து, பத்திரமாக இருக்கட்டும், லேமினேஷன் போடுங்கள் என்றான். அந்தச் சீட்டு சூடு பட்டால் மொத்தமாகக் கறுத்துப் போகும். ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள் என்று அனுப்பினேன்.