ஊரில் கணினி மையம் தொடங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் முன்னாள் மாணவர்கள் இப்போது அடிக்கடி கையில் எடுப்பது, பிள்ளைகளுக்கான கணினி மையம். நூலகத்தை ஒட்டிய அறை, சமுதாயக் கூடத்தின் மாடி என எங்காவது இடம் கிடைத்துவிடும். திறப்பு விழாவும் அமர்க்களமாக நடக்கும். பிறகு கூட்டம் குறைந்து, ஒருநாள் பூட்டுத் தொங்கும். கேட்டால் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்பார்கள். பள்ளிவிட்டு வந்த பிள்ளையை இன்னொரு டியூஷனில் உட்கார வைத்தால் ஆர்வம் எங்கிருந்து வரும்?

இந்த வகை மையங்களுக்கு முன்னோடி, 1993-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கிய கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ். அங்கிருந்த கணினி அருங்காட்சியகத்தில், லெகோ என்ற பொம்மைக் கட்டைத் துண்டுகளால் எதையாவது செய்து அதைக் கணினியால் இயக்கும் விடுமுறைப் பயிலரங்கு ஒன்று முன்பு நடந்தது. அது முடிந்த பிறகும் சில பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்தார்கள். காவலர் கண்ணில் படாமல் உள்ளே நுழையப் பார்த்து மாட்டிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக அந்த அருங்காட்சியகத்தின் நடாலி ரஸ்க், எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மிட்செல் ரெஸ்னிக் உள்ளிட்டோர் தொடங்கிய இடம்தான் கிளப்ஹவுஸ். 10 முதல் 18 வயதுவரை உள்ளவர்கள் வந்து, தங்களுக்குப் பிடித்ததைச் செய்து பார்க்கலாம். அறையின் நடுவில் கணினியே இல்லாத ஒரு பச்சை மேசை. வரைய, பேச, சாப்பிட, சும்மா இருக்க. நம் மையங்களில் அந்த மேசைதான் இருப்பதில்லை. பேசினால் அதட்டல்தான்.

அடுத்து அட்டவணை. முதல் வாரம் எம்.எஸ். ஆபீஸ், இரண்டாவது வாரம் பைத்தான் நிரல்மொழி, கடைசியில் சான்றிதழ். பதினான்கு வயதுப் பையனுக்கு எக்செல் எதற்கு? ஆனால் தெருக் கபடி அணிக்கு ஒரு போஸ்டர் வேண்டும் என்றால் அவனே இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் உட்காருவான். பெயர்களைத் தமிழில் அடிக்கத் தமிழ் 99 என்ற விசைப்பலகை முறையும் தானாகப் பழகிவிடும். பாட்டி சொல்லும் கதையை ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்வது, திருவிழாவைப் படம்பிடித்து வெட்டி ஒட்டுவது எல்லாம் இந்த வகைதான். மென்பொருளுக்குக் காசு வேண்டாம். செய்ததை ஊரார் பார்த்தால் போதும், அடுத்த நாள் அவன் தானாக வருவான்.

கருவிகளில் பணத்தைக் கொட்டுவது பலருக்கும் பிடித்த தவறு. முப்பரிமாண அச்சுப்பொறியை வாங்கிவிட்டு, பழுதாகிவிடும் என்று துணி போட்டு மூடி வைப்பார்கள். 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்குங்கள். உப்பிய பேட்டரியைப் பெரியவர் ஒருவர் பத்திரமாகக் கழற்றி அப்புறப்படுத்தட்டும். அப்புறம் வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. மாட்டி, பழைய கணினியிலும் ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் ஒன்றை நிறுவும் வேலையைப் பிள்ளைகளிடமே விடலாம். உடைந்தாலும் பரவாயில்லை என்று கொடுக்கிற பொருளில்தான் பயமில்லாமல் கை வைப்பார்கள்.

பெண் பிள்ளைகள் வராததற்கு வீட்டில் விடுவதில்லை என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிடுகிறோம். வீட்டார் ஏன் விடவில்லை என்று போய்க் கேட்டால் மூன்று நான்கு விஷயம் சொல்வார்கள். ஏழு மணிக்கு முடிந்தால் இருட்டில் யார் அழைத்து வருவது? கழிப்பறை இருக்கிறதா? உள்ளே பெண் யாராவது இருப்பார்களா? எல்லாம் நியாயமான கேள்விகள். பெரும்பாலும் நேரத்தை மாற்றினாலே பாதி தீர்ந்துவிடும். வந்த பிறகு வேறு சிக்கல். ஒரு கணினிக்கு இருவர் என்றால் மவுஸ் பையன் கையில், குறிப்பேடு பெண் கையில். இது எங்கும் நடக்கிறது. சொல்லித் திருத்துவது கஷ்டம். வாரத்தில் ஒரு நாள் முழுக்கப் பெண்களுக்கு ஒதுக்கி, அன்று அறைச் சாவியையும் அவர்களிடம் கொடுப்பது சுலபம்.

சென்னையிலிருந்து வல்லுநரை அழைத்து வந்து ஒருநாள் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேச வைப்பதால் பெரிய பயன் இல்லை. பாலிடெக்னிக் படிக்கும் பக்கத்துத் தெரு அண்ணன் வாரம் இரண்டு மாலை வந்தால் அதுவே மேல். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவில் அந்தப் பகுதி இளைஞர்களே கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள். அங்கே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாலே பல கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

கடைசியாக, படம். நன்கொடையாளருக்கு அனுப்பவென்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பெயர், பள்ளியோடு முகநூலில் போடுகிறார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தனிப்பட்ட தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். சட்டத்தை விடுங்கள், எந்தப் பிள்ளை எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று ஊருக்கே சொல்வது சரியா? பிள்ளைகள் செய்த போஸ்டரையும் வீடியோவையும் அனுப்புங்கள். கூடவே, எந்த நேரத்திலும் ஒரே ஒரு பெரியவர் மட்டும் பிள்ளைகளோடு மூடிய அறையில் இருக்கக் கூடாது என்ற விதியை முதல் நாளே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.