அறுந்த நரம்பின் நுனியைப் பாருங்கள்: ஆற்றுத் தூண்டிலுக்கு நரம்பு வாங்கும்போது செய்யும் தவறுகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தூண்டில் போடுகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். "பெரிய மீனுங்க. கரைக்கு நாலடி இருக்கையில நரம்ப அறுத்துட்டுப் போயிருச்சு." நானும் பல வருடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மூலத்தரா தடுப்பணைக்குக் கீழே எங்களோடு வந்து உட்காரும் ஒரு பெரியவர்தான் ஒருநாள் என்னை நிறுத்தினார். "கண்ணு, அறுந்துச்சுன்னு மட்டும் சொல்லாத. எப்படி அறுந்துச்சுன்னு சொல்லு" என்றவர், என் கையிலிருந்த நரம்பை வாங்கி, நுனியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நுனி பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தது. "மீன் அறுக்கல. உன்ற முடிச்சு உருவிக்கிச்சு" என்றார்.

அன்றிலிருந்து நுனியைப் பார்க்காமல் நான் அடுத்த முள்ளைக் கட்டுவதில்லை. சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. நுனி சொரசொரப்பாக இருந்து, அதற்கு மேலே ஒரு முழத்துக்கு வெள்ளை வெள்ளையாகக் கீறல் தெரிந்தால், பாறையிலோ தடுப்பணையின் சிமெண்ட் விளிம்பிலோ உரசியிருக்கிறது. கீறலே இல்லாமல், இழுபட்டு மெலிந்து, பால் நிறமாக வெளுத்திருந்தால் நரம்பின் பலத்துக்கு மேல் நாம் இழுத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஆனால் நரம்பு அறுந்தவுடன் நாம் செய்வது ஒன்றே ஒன்றுதான்: கடைக்குப் போய் "இதைவிட மொத்தமா ஒண்ணு குடுங்க" என்று கேட்பது. இந்த ஒரு தவறிலிருந்துதான் மற்ற பல தவறுகளும் வருகின்றன.

நாம் நரம்பு என்றும் தங்கூசி என்றும் சொல்வதை, பக்கத்துக் கடை மலையாளி டங்கீஸ் என்பார். எல்லாம் நைலான்தான். 1935இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய அந்தச் செயற்கை இழை, அப்புறம் உலகத்துத் தூண்டில்களுக்கெல்லாம் வந்து சேர்ந்தது. இப்போது அதோடு மெல்லிய இழைகளைப் பின்னிய பிரெய்டு, நைலான் மாதிரியே ஒற்றை இழையான ஃப்ளூரோகார்பன் என்று இன்னும் இரண்டு வகை கடைக்கு வந்திருக்கிறது. ரீலுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் பையன்கள், மீனுக்கும் தங்களுக்கும் நடுவே இருக்கிற ஒரே பொருளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கடையில் நம் வாயில் முதலில் வரும் கேள்வி "எத்தனை கிலோ தாங்கும்?" என்பது. அந்தக் கிலோ முடிச்சில்லாத, கீறலில்லாத புது நரம்புக்கு உரிய கணக்கு. நைலான் தண்ணீரை உறிஞ்சும். ஊறியதும் பலம் கொஞ்சம் குறையும். முடிச்சு போட்டதும் இன்னும் குறையும். ஆகவே கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று முதலில் கேளுங்கள். நல்ல நைலானில் 0.20 மி.மீ. ஏறத்தாழ 3 கிலோ தாங்கும், 0.30 என்றால் 6 முதல் 7, 0.40 என்றால் 10 கிலோ அளவு. 0.20 மி.மீ. நைலானுக்கு 10 கிலோ என்று அச்சடித்த டப்பாவைக் கண்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வெளிநாட்டுச் சரக்கில் இன்னொரு குழப்பம் உண்டு. அதில் 20 என்று எழுதியிருப்பது பெரும்பாலும் பவுண்டு. கிலோவில் அது 9தான். இருபது கிலோ தாங்கும் என்று நம்பி வாங்கிப்போய், அடிமரத்தில் சிக்கிய முள்ளை வெடுக்கென்று இழுத்து இழந்தவர்கள் நிறைய.

தடித்த நரம்பு எப்போதும் பத்திரம் என்பதும் தவறுதான். உள்ளங்கை அகல ஜிலேபி மீனுக்கு 0.45 நரம்பு கட்டியிருப்பதைக் குளத்துக் கரையில் அடிக்கடி பார்க்கிறேன். அது தண்ணீரில் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கிடக்கும். மீன் புழுவை வாயில் எடுத்து, கடித்துப் பார்த்து, துப்பிவிட்டுப் போனபிறகும் தக்கை அசையாது. "இன்னைக்கு மீனே இல்லை" என்று எழுந்து போவார்கள். அங்கே 0.18 முதல் 0.22 போதும். ஆற்றுக் கெண்டை, ரோகு, கட்லா என்றால் ரீலோடு 0.28 முதல் 0.35. மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் ட்ராக்கை (drag) நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்குக்கு வைத்துவிட்டால், நரம்பின் எண்ணைவிடக் கனமான மீனைக்கூட நிதானமாகக் கரைசேர்க்கலாம். சிறிய கொக்கித் தராசு ஒன்று இருந்தால் அளந்தே வைக்கலாம்.

மூங்கில் கழி வேறு கணக்கு, அதைத் தனியாகவே சொல்ல வேண்டும். கழியில் ரீல் இல்லை, விட்டுக்கொடுக்க ட்ராக் இல்லை. மீன் திடீரென்று பாயும்போது அந்த வேகத்தைத் தாங்குவது கழியின் வளைவும் நரம்பின் இழுவையும்தான். நைலான் அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குவரை நீண்டு கொடுக்கும். பிரெய்டு ஐந்து சதவீதம்கூட நீளாது. நம் பசங்க யூடியூபில் பார்த்துவிட்டு மூங்கில் கழியில் பிரெய்டு கட்டுகிறார்கள். கெண்டையின் உதடு கிழிகிறது, முள் நிமிர்கிறது, இல்லையென்றால் கழி நுனி ஒடிகிறது. அதைவிட மோசம், மீன் இழுக்கும்போது நரம்பைக் கையில் சுற்றிப் பிடிப்பது. பிரெய்டு கத்தி மாதிரி விரலை அறுத்துவிடும். கழிக்கு நைலான்தான், 0.30 அல்லது 0.35. அந்த விஷயத்தில் நம் தாத்தாக்கள் செய்ததை மாற்றத் தேவையில்லை.

அப்படியானால் பிரெய்டு எதற்கு? விராலுக்கு. அதன் இடத்தில் அதற்கு நிகர் கிடையாது. ஆகாயத்தாமரையும் அல்லிக்கொடியும் மூடிய ஏரியில், இருபது அடிக்கு அப்பால் ரப்பர் தவளையை விரால் அடிக்கிறது என்று வையுங்கள். அதன் வாய் எலும்பும் பல்லுமானது; முள் ஏற வேண்டுமானால் நம் கையின் வெட்டு, அதாவது முள் ஏறச் சுண்டி இழுக்கும் இழுப்பு, அப்படியே அங்கே போய்ச் சேர வேண்டும். நைலானில் பாதி வேகம் நரம்பின் இழுவையிலேயே தீர்ந்துவிடும், மீன் கொடிக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும். பிரெய்டு அந்த வெட்டைக் குறையாமல் கொண்டுபோகும், கொடித் தண்டையும் அறுத்துக்கொண்டு வரும். பாலித்தீன் வகை இழைகளைப் பின்னிச் செய்வதால் அதே பலத்துக்கு நைலானைவிடப் பாதிக் கனம்தான் வரும். டப்பாவில் பி.ஈ. என்று ஓர் எண் இருக்கும்: பி.ஈ. 1 என்றால் 0.165 மி.மீ., 2 என்றால் 0.235. விராலுக்கு மட்டும் நான் கனத்தில் கஞ்சம் பிடிக்க மாட்டேன், பி.ஈ. 3க்குக் குறைந்து போடுவதில்லை. செம்மண் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்தால் மட்டும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். பெற்ற விரால் அடியில் காவல் நிற்கும். அதைப் பிடித்தால் அந்தக் கூட்டமே அழிந்துவிடும்.

அதே பிரெய்டை எடுத்துக்கொண்டு சித்தூர் ஆற்றுக்குப் போவதுதான் நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு. இந்த ஆறு ஆழியாற்றின் தொடர்ச்சி. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் இங்கே வர வேண்டும். அது முறை வைத்துத் திறப்பது, ஆகவே ஆறு ஏறும், இறங்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது மேலே பார்த்தால் அமைதியான மடுவாகத் தெரியும். இறங்கிய நாளில் அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள்: விளிம்பு கூரான பாறை, ஆற்றில் விழுந்த பனைமரம், தடுப்பணையின் உடைந்த கான்கிரீட். இழுத்துக் கட்டிய பிரெய்டு பாறையில் ஒரு முறை உரசினால் போதும், வெண்ணெயில் கத்தி போட்ட மாதிரிப் போய்விடும். மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக அறுவதால் முன்கூட்டித் தெரியவும் தெரியாது. ஆற்றுக்குப் பிரெய்டுதான் வேண்டும் என்றால், முனையில் ஒன்றிரண்டு மீட்டராவது 0.40 நைலானோ ஃப்ளூரோகார்பனோ லீடராக, அதாவது முள்ளுக்கு முந்தைய முனைத் துண்டாகக் கட்டுங்கள். வெறும் நைலானே போதும் என்பது என் கருத்து. தண்ணீர் இறங்கிய நாளில் ஒரு நடை போய் அடியைப் பார்த்துவைத்துவிட்டு அப்புறம் கடைக்குப் போனால், கடைக்காரரிடம் என்ன கேட்பது என்று தானாகவே தெரியும்.

வாளையாறு, பெயரிலேயே வாளையைச் சுமக்கும் ஊர். வாளை மீனின் வாயில் வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள். அரம் மாதிரி நரம்பைத் தேய்த்துவிடும். அதற்குப் போகிறவர்கள் முள்ளுக்கு மேலே ஒரு முழம் 0.60க்குக் குறையாத நைலான் கட்டுவது நல்லது. அணைகளில் மீன்பிடி உரிமை சங்கங்களிடம் இருக்கும், கேட்டுவிட்டு உட்காருங்கள்.

ஃப்ளூரோகார்பனைப் பற்றிக் கடைக்காரர் சொல்வது "தண்ணியில கண்ணுக்கே தெரியாதுங்க" என்று. அதில் பாதி உண்மை உண்டு. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு ஏறத்தாழ 1.53. தண்ணீருக்குக் கிட்ட இருப்பதால் நைலானைவிடக் குறைவாகத்தான் தெரியும், ஆனால் மறைந்தே போகாது. தென்மேற்குப் பருவமழையில் ஆறு செம்மண் கரைசலாக ஓடும்போது மீனுக்கு எந்த நரம்பும் தெரியப்போவதில்லை. அந்த மாதங்களில் அதற்குக் காசு கொடுப்பது வீண். இன்னொன்று, அது தண்ணீரைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு கனம், மூழ்கும். தக்கைத் தூண்டிலில் ரீல் முழுக்க அதையே சுற்றினால் தக்கைக்கும் கழிக்கும் நடுவே நரம்பு அமிழ்ந்து, நாம் வெட்டும்போது முதலில் தண்ணீரைத்தான் இழுப்போம். தை, மாசியில் தெளிந்த குளத்தில் கூச்சம் மிகுந்த கெண்டைக்கு, முனையில் ஒரு மீட்டர் லீடராக மட்டும் போட்டால் அதன் அருமை தெரியும்.

நரம்பின் வயதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மீன் பிடித்துவிட்டு வந்து தூண்டிலை எங்கே வைக்கிறோம்? ஓட்டுத் தாழ்வாரத்தில், வெயில் படும் பக்கமாக. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் பங்குனி வெயிலும் சேர்ந்தால் நைலான் ஒரு வருடத்தில் உள்ளுக்குள் நொறுங்கும். கடையில் கண்ணாடி அலமாரியின் முன்வரிசையில் வெயில் பட்டுக்கொண்டிருக்கும் டப்பாவையும் வாங்காதீர்கள்; உள்ளேயிருந்து ஒன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள். நைலானை வருடம் ஒரு முறையாவது மாற்ற வேண்டும். பிரெய்டு சில வருடம் தாங்கும். முன்பக்கம் பஞ்சு மாதிரி ஆகிவிட்டால் ரீலில் தலைகீழாகத் திருப்பிச் சுற்றிக்கொள்ளலாம். தினமும் உட்காரும் முன் கடைசி இரண்டு மீட்டரைக் கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் நகத்தில் சொரக்கென்று படும். பட்டால் அந்த இடத்துக்கு மேலே வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

சரி, என் பன்றி வால் முடிச்சுக்கு வருகிறேன். அன்று நான் இரண்டே சுற்று சுற்றி, காய்ந்த நரம்பை அப்படியே இறுக்கியிருந்தேன். நைலானை முள்ளின் காதில் கோத்து, ஐந்தாறு சுற்று சுற்றி, நுனியைக் கீழ்க்கண்ணியில் விட்டு, அப்புறம் எச்சிலில் நனைத்து மெதுவாக இறுக்க வேண்டும். நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு அங்கேயே பலவீனமாகிவிடும். ஃப்ளூரோகார்பனுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பாய் முடைந்த மாதிரி வரிசையாக உட்கார வேண்டும். பிரெய்டு வழுவழுப்பானது, இதே முடிச்சைப் போட்டால் நழுவும். அதை இரட்டையாக மடித்துக் காதில் விட்டு, ஒரு முடிச்சிட்டு, அந்தக் கண்ணிக்குள் முள்ளையே நுழைத்து இறுக்கும் பாலோமார் முடிச்சுதான் சரி. ரீலில் நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூல் வெறுமையாக இருந்தால் அதிலும் பிரெய்டு நழுவும். அடியில் சில சுற்று நைலான் சுற்றிவிட்டு அதன்மேல் சுற்றுங்கள். ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் குறைவாக நிரப்பினால் போதும், தளும்பத் தளும்ப வேண்டாம்.

கடைசியாக, அறுந்ததையும் வெட்டியதையும் கரையிலேயே போடுவது. போன கோடையில் தடுப்பணை ஓரத்தில் ஒரு நீர்க்காகம், சிறகை விரித்துக் காய வைப்பது போலவே நின்றுகொண்டிருந்தது. கிட்டே போனபிறகும் பறக்கவில்லை. கால் இரண்டிலும் நரம்பு சுற்றி, மறுமுனை பாறை இடுக்கில் மாட்டியிருந்தது. துண்டைப் போட்டு மூடிப் பிடித்து, நரம்பை நறுக்கிவிட்டோம். ஒரு காலில் நரம்பு சதைக்குள் இறங்கியிருந்தது. 0.40 நைலான், யாரோ சிக்கெடுக்கச் சோம்பி வெட்டிப் போட்டது. நைலான் மக்காது, அடுத்த வெள்ளத்தில் இன்னும் கீழே போய் இன்னொன்றின் காலில் மாட்டும். இப்போதெல்லாம் மூடியில் துளையிட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா என் பையில் இருக்கிறது. எங்கள் துண்டுகளோடு கரையில் கிடக்கும் மற்றவர்களுடையதையும் அதற்குள் திணித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, விரல் நீளத்துக்கு வெட்டிய பிறகுதான் குப்பையில் போடுகிறேன்.