இரண்டாவது வீடு: பத்திரப் பதிவுக்கு முன்பே தம்பதியர் தீர்மானிக்க வேண்டிய வரி விவரங்கள்

குடியிருக்க ஒரு வீடு இருக்க, வாடகைக்கு விடவோ பணி ஓய்வுக்குப் பின் போய்த் தங்கவோ இரண்டாவது வீடு வாங்கும் தம்பதியர், விலையையும் இஎம்ஐயையும் மாதக்கணக்கில் அலசிவிட்டு, யார் பெயரில் வாங்குவது என்பதை மட்டும் பதிவுக்கு முந்தைய நாள் அவசரமாக முடிவு செய்கிறார்கள். வருமான வரிக் கணக்கில் ஆண்டுதோறும் எதிர்ப்படப்போவது அந்த முடிவுதான். பதிவுக்குப் பின் அதை மாற்றுவது செலவு பிடித்த வேலை.

முதலில், பணம் யாருடையது என்று பாருங்கள். கணவர் முழுத் தொகையையும் கொடுத்து, வருமானமில்லாத மனைவியின் பெயரில் பத்திரம் முடித்தால், வீடு மனைவியுடையதுதான். ஆனால் அதன் வாடகைக்குக் கணவரே, தமது வரி விகிதத்தில், வரி கட்ட வேண்டும். கணவன் மனைவிக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வரி இல்லை என்பதைத் தெரிந்து வைத்திருக்கும் பலர், அந்த அன்பளிப்பிலிருந்து வரும் வருமானம் கொடுத்தவர் கணக்கில்தான் சேரும் என்பதைக் கவனிப்பதில்லை. மனைவி தமது சம்பளச் சேமிப்பையோ, பெற்றோர் கொடுத்த பணத்தையோ, தம் நகையை விற்ற தொகையையோ போட்டிருந்தால், அந்தப் பங்குக்குரிய வாடகை அவருடைய வருமானமாகவே கொள்ளப்படும். ஆகவே விற்பவருக்குச் செல்லும் தொகை அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே செல்லட்டும். நகை விற்ற ரசீதைக்கூடப் பத்திரமாக வையுங்கள், ஏனெனில் பின்னாளில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் அந்தக் காகிதம்தான் துணை நிற்கும்.

இருவரும் சம்பாதிப்பவர்களாக இருந்தால் கூட்டுப் பெயரில் வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. அப்போது யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்; அந்த விகிதம் இருவரும் போட்ட பணத்தோடு ஒத்துப்போக வேண்டும். வீட்டுக்கடனிலும் இருவர் பெயரும் இருக்கட்டும். கடனில் மட்டும் பெயர் இருந்து பத்திரத்தில் இல்லாதவர் வட்டிச் சலுகை கேட்க முடியாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாத வாடகை 20,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,40,000. கட்டிய சொத்து வரி 6,000 போக மீதி 2,34,000. அதில் 30 சதவீத நிலையான கழிவு 70,200 போனால் 1,63,800. கடன் வட்டி 4,00,000 ரூபாயைக் கழித்தால் 2,36,200 நஷ்டம். வருமான வரி கட்ட நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய இரு முறைகளில், கழிவுகள் அதிகமுள்ள பழைய வரிமுறையில் ஒருவர் இந்த வகை நஷ்டத்தில் ஆண்டுக்கு 2,00,000 வரைதான் சம்பளம் போன்ற பிற வருமானத்தில் கழிக்கலாம். மிச்சம் 36,200 அடுத்துவரும் 8 ஆண்டுகளில் வீட்டு வருமானத்துக்கு எதிராக மட்டுமே பயன்படும். சரிபாதிப் பங்கில் வாங்கியிருந்தால் ஆளுக்கு 1,18,100 என்று அதே ஆண்டிலேயே முழுவதும் கழிந்துவிடும்.

புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பலன் கிடையாது. வாடகை வருமானத்திலிருந்து வட்டியைக் கழிக்கலாம், ஆனால் அதனால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வாடகைக்கு விடாமல் தாங்களே பயன்படுத்தும் வீட்டுக்கோ வட்டிச் சலுகையே இல்லை. ஆகவே இருவரும் எந்த வரிமுறையில் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்த பிறகே பங்கு விகிதத்தை முடிவு செய்யுங்கள். பூட்டி வைத்திருக்கும் வீட்டைப் பற்றிய பயம் இப்போது வேண்டாம்: ஒருவர் இரண்டு வீடுகள் வரை சொந்தப் பயன்பாட்டுக்கு என்று காட்டலாம், அவற்றுக்குக் கற்பனை வாடகை (வாடகை வராமலே வந்ததாக வைத்து வரி போடும் தொகை) கணக்கிடப்படாது.

விலையோ, பதிவுக்காக அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்போ 50 லட்சம் ரூபாயைத் தொட்டால், அந்த இரண்டில் எது அதிகமோ அதில் 1 சதவீதத்தை விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) என்று பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. 80 லட்சம் ரூபாய் வீட்டை ஆளுக்கு 40 லட்சம் என்று பிரித்து வாங்கினால் இந்த விதியிலிருந்து தப்பிக்கலாம் என்ற பேச்சு முன்பு இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் எல்லாப் பங்குகளையும் கூட்டியே பார்க்க வேண்டும் என்று சட்டம் தெளிவாக்கிவிட்டது. கணவனும் மனைவியும் தனித்தனிப் படிவத்தில் தங்கள் பங்குக்குரிய தொகையைச் செலுத்த வேண்டும். விற்பவர்களும் இருவர் என்றால் நான்கு படிவங்கள் ஆகும். இதற்கு டேன் எண் (வரி பிடிப்பவர்கள் தனியாக வாங்கும் பதிவு எண்) தேவையில்லை, பான் எண் போதும். பிடித்த மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் செலுத்தத் தவறினால் வட்டியும் தாமதக் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும்.

விற்கும் காலத்துக்காக ஒரு சிறு வேலை செய்து வையுங்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வாங்கிய விலையோடு சேர்த்துக் கணக்கிடப்படுவதால், அவற்றின் ரசீதுகள் பங்கு விகிதம் எழுதிய பத்திரத்தோடு ஒரே கோப்பில் இருக்கட்டும்.