பெண்கள் பள்ளியா, இருபாலர் பள்ளியா?

மகளைத் தனியார் பள்ளியில் சேர்க்க விரும்பும் பெற்றோர், கட்டணத்தை விசாரிப்பதற்கு முன்பே, மேல்நிலை வகுப்பில் அங்கே என்னென்ன பாடப்பிரிவுகள் உள்ளன என்று கேட்டுவிட வேண்டும். ஏனெனில் விரும்பிய பிரிவு இல்லாவிட்டால் பதினோராம் வகுப்பில் மீண்டும் பள்ளி தேடி அலைய நேரும்.

இருபாலர் பள்ளியென்றால், அனுமதி பெற்று, செய்முறை வகுப்பு நடக்கும் நேரத்தில் இயற்பியல் ஆய்வகத்தைப் பாருங்கள். வெர்னியர் அளவியை மாணவர்களே பிடித்திருக்க, மாணவியர் அளவீடுகளை எழுதிக்கொண்டு மட்டும் நிற்பார்களானால், அந்தப் பள்ளியின் விளம்பரத்தை நான் நம்பமாட்டேன். பெண்கள் பள்ளியில் அந்தச் சிக்கல் எழாது. ஆனால் விளையாட்டுத் திடலும் பயிற்றுநரும் பெயரளவில் மட்டும் இருக்கின்றனவா என்பதை அங்கே கவனிக்க வேண்டும். கழிப்பறைத் தாழ்ப்பாளை இரண்டிலும் சோதியுங்கள்.

எல்.கே.ஜி. சேர்க்கைக்கு, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஏழை, நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளிகளில் தரும் 25 விழுக்காட்டு இலவச ஒதுக்கீட்டை நம்பியிருப்பவர்கள், கான்வென்ட் நடத்தும் பெண்கள் பள்ளிகள் பலவும் சிறுபான்மை நிறுவனங்கள் என்பதால் அவற்றுக்கு அது பொருந்தாது என்பதை அறிந்து விண்ணப்பிக்க வேண்டும்.